கருங்கடலில் பிறந்த ராஜ்புத்

கடலைக் காணாத ஊர் எங்கள் காவேரிப்பாக்கம். பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக வந்து நிரம்பும் பெரிய ஏரிதான் எங்களுக்குக் கடல். ஆயினும் போர்க்கப்பலைப் பற்றிய ஒரு கேள்வி என் வகுப்பில்தான் எழுந்தது.

2025-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், ருஷ்யாவின் கலினின்கிராட் நகரில் 'தமால்' என்ற போர்க்கப்பல் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அயல்நாட்டிலிருந்து வாங்கிச் சேர்க்கப்படும் கடைசிப் போர்க்கப்பல் இதுவே என்றும் அறிவிக்கப்பட்டது. அச்செய்தியைப் படித்துவிட்டு வந்த மாணவர் ஒருவர் கேட்டார்: "இத்தனை வருஷமா ஏன் சார் வெளியிலே வாங்கினோம்? நமக்குக் கப்பல் கட்டத் தெரியாதா?"

கேள்வியில் சற்று ஏளனமும் இருந்தது, வருத்தமும் இருந்தது. ஒரு வரியில் விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஏனெனில், "கட்டத் தெரிவது" என்றால் என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகவே இக்கட்டுரை.

நாசகாரி பிறந்த கதை

நம் செய்தித்தாள்கள் 'நாசகாரி' என்று எழுதும் கப்பல் வகையை நீங்கள் அறிவீர்கள். அது தோன்றியதற்குக் காரணம் டார்ப்பீடோ. 1866-இல் ஒயிட்ஹெட் என்ற ஆங்கிலப் பொறியியலார், நீருக்கடியில் தானே ஓடிச் சென்று வெடிக்கும் இந்த ஆயுதத்தைச் செய்து காட்டினார். அதன் பின், சிறு படகு ஒன்று இருளில் நெருங்கி வந்து மாபெரும் போர்க்கப்பலையே மூழ்கடித்துவிடலாம் என்ற நிலை ஏற்பட்டது. அப்படகுகளைத் துரத்திப் பிடித்து அழிக்க, அவற்றைவிட விரைவாக ஓடும் ஒரு கப்பல் தேவைப்பட்டது. இங்கிலாந்தில் யாரோ நிறுவனம் 1893-இல் கட்டிய 'ஹேவக்' இவ்வகையின் முன்னோடி.

விரைவாக ஓடுவது எளிதா? இங்கே இயற்பியல் குறுக்கிடுகிறது. கப்பலுக்கு நீர் தரும் தடை, தோராயமாக வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். வேகத்தை இரு மடங்காக்க எட்டு மடங்கு திறன் வேண்டும்! கப்பல் எழுப்பும் அலைகளின் தடையையும் சேர்த்தால், உயர் வேகங்களில் கணக்கு இன்னும் கடுமையாகும். திறனைக் கூட்டினால் இயந்திரத்தின் எடை கூடும். எடை கூடினால் கப்பல் பெரிதாகும். பெரிதானால் மீண்டும் திறன் போதாது. ஆகவே நாசகாரியின் வரலாறு என்பது, குறைந்த எடையில் மிகுந்த திறன் தரும் இயந்திரத்தைத் தேடிய வரலாறே எனலாம்.

லண்டனில் பிறந்த ஜப்பானியக் கப்பல்கள்

வாங்கிக் கற்பது என்ற பாடத்தை முதலில் நன்கு படித்த ஆசிய நாடு ஜப்பான். சீனாவுடன் 1894-95-இல் நடந்த போருக்குப் பின், ஜப்பான் தன் கடற்படையைப் பெருக்கத் திட்டமிட்டது. நாசகாரிகளுக்காக அது லண்டனை நாடியது. யாரோ நிறுவனத்திடமிருந்து ஆறு கப்பல்கள். தார்னிகிராஃப்ட் நிறுவனத்திடமிருந்து ஆறு கப்பல்கள். யாரோ கட்டியவற்றுள் முதலாவதன் பெயர் 'இகாசுச்சி', அதாவது இடி. இன்னொன்று 'இனசுமா', அதாவது மின்னல்.

ஏறத்தாழ 300 டன் எடையே உள்ள அச்சிறு கப்பலுக்குள் 6,000 குதிரைத்திறன் அடக்கப்பட்டிருந்தது. வேகம் 31 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். ஆகவே 31 நாட் என்பது மணிக்குச் சுமார் 57 கிலோமீட்டர். இந்த வித்தைக்குக் காரணம் நீர்க்குழாய்க் கொதிகலன். பழைய கொதிகலனில் பெரிய நீர்த்தொட்டியின் நடுவே குழாய்களில் தீயின் புகை செல்லும். புதியதில் மெல்லிய குழாய்களுக்குள் நீர் ஓட, வெளியே தீ எரியும். சிறிதளவு நீரே இருப்பதால் எடை குறைவு. நீராவியும் விரைவில் எழும்.

1904 பிப்ரவரி 8-ஆம் நாள் இரவு, போர்ட் ஆர்தர் துறைமுகத்துக்கு வெளியே நின்ற ருஷ்யக் கப்பற்படையைத் தாக்கிய பத்து ஜப்பானிய நாசகாரிகளுள் இகாசுச்சியும் இனசுமாவும் இருந்தன. மறு ஆண்டு சூஷிமாப் போரில் காயமுற்ற ருஷ்யத் தளபதி ரொஸெஸ்த்வென்ஸ்கியை ஏற்றிச் சென்ற கப்பலைப் பிடித்ததும் யாரோ கட்டிய 'சசனாமி'தான்.

ஆனால் நாம் கவனிக்க வேண்டியது போர்க்களத்தை அன்று. கப்பல் கட்டும் தளத்தை. வாங்கிய கப்பல்களைப் பார்த்து யோகோசுகா, குரே ஆகிய தளங்களில் ஜப்பானியர் தாமே கட்டிய முதல் நாசகாரிகள் 'ஹருசமே' வகையைச் சேர்ந்தவை. அவற்றின் வேகம் 29 நாட்தான்! வாங்கியவற்றைவிட இரண்டு நாட் குறைவு. அதற்காக ஜப்பானியர் மீண்டும் வாங்கவே போய்விடவில்லை. அடுத்த வகையில் 32 கப்பல்களை உள்நாட்டிலேயே கட்டினர். வேகம் அப்போதும் 29 நாட். பின்னர் 1911-இல் முடிந்த 'உமிகாசே' நீராவி டர்பைன் பூட்டி 33 நாட்டை எட்டியது. 1917-இல், முதல் உலகப் போரின் நடுவே, பிரான்சு நாட்டுக்காக 12 நாசகாரிகளை ஜப்பான் கட்டிக் கொடுத்தது. இகாசுச்சி 1899-இல் கைக்கு வந்தது. பதினெட்டு ஆண்டுகளில் மாணவன் கடை திறந்துவிட்டான்!

நம் கடற்படையின் மூன்று பெயர்கள்

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். விடுதலைக்குப் பின் 1949-இல் இந்தியா பிரிட்டனிடமிருந்து மூன்று நாசகாரிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் உழைத்த பழைய கப்பல்கள் அவை. 'ரோதர்ஹாம்' என்பது 'ராஜ்புத்' ஆயிற்று. 'ரிடவுட்' 'ரஞ்சித்' ஆயிற்று. 'ரெய்டர்' 'ராணா' ஆயிற்று. இந்த ராஜ்புத்தின் பெயரை 1971-ஆம் ஆண்டுப் போர் நாடறியச் செய்தது. டிசம்பர் 3-ஆம் நாள் நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே அது ஆழ்வெடிகளை வீசியது. பாகிஸ்தானின் 'காஸி' என்ற நீர்மூழ்கிக் கப்பல் அங்கே அழிந்தது. அழிவுக்குக் காரணம் ஆழ்வெடியா, உள்ளே நேர்ந்த விபத்தா என்பதில் இரு நாடுகளும் இன்றும் வேறுபடுகின்றன.

பழைய கப்பல்கள் எத்தனை நாள் உழைக்கும்? 1960-களிலேயே இந்தியா சோவியத் நாட்டிலிருந்து நீர்மூழ்கிகளையும் சிறு போர்க்கப்பல்களையும் வாங்கத் தொடங்கியிருந்தது. பின்னர் நாசகாரிகளுக்கும் அங்கேயே ஒப்பந்தம் செய்தது. ஐந்து கப்பல்கள். இம்முறை அவை பழையவை அல்ல. நமக்கென்றே புதிதாகக் கட்டப்பட்டவை.

கட்டிய இடம் கருங்கடலை அடுத்த நிக்கொலாயேவ் நகரம். இன்று அது உக்ரைன் நாட்டின் மிக்கொலாயிவ். பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே கப்பல் கட்டிவரும் ஊர் அது. 1905-இல் மாலுமிகள் கலகம் செய்த புகழ்பெற்ற 'பொத்தெம்கின்' கப்பலும் அங்கே கட்டப்பட்டதே. 1919-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் சுட்டுக் கொல்லப்பட்ட அவ்வூர்த் தொழிலாளர்களின் நினைவாக, அத்தளத்துக்கு '61 கம்யூனார்டுகள்' என்று பெயரிட்டிருந்தனர்.

ஐந்தில் முதலாவது கப்பலுக்குக் கட்டும்போது இருந்த ருஷ்யப் பெயர் 'நதியோஷ்னி'. 'நம்பிக்கைக்குரியது' என்று பொருள். 1980 மே 4-ஆம் நாள், ஜார்ஜியாவின் போட்டி துறைமுகத்தில், அன்று மாஸ்கோவில் நம் தூதராக இருந்த இந்தர் குமார் குஜ்ரால் முன்னிலையில், அது 'ராஜ்புத்' ஆயிற்று. குலாப் மோகன்லால் ஹீராநந்தானி அதன் முதல் தலைவர். பின்னால் ராணா, ரஞ்சித், ரண்வீர், ரண்விஜய் என்ற நான்கும் வந்து சேர்ந்தன. பழைய பெயர்கள் மூன்றும் மீண்டும் கடலில் மிதந்தன.

பாடும் கப்பல்

ராஜ்புத்தின் நீளம் சுமார் 147 மீட்டர். முழுச் சுமையுடன் எடை ஏறத்தாழ 5,000 டன். வேகம் 35 நாட். நம் இகாசுச்சியை நினைவிற்கொள்ளுங்கள். அதைப் போல் பதினாறு மடங்கு எடையுள்ள கப்பல் அதைவிட விரைவாக ஓடியது! எப்படி?

இவ்வகைக்கு மேல்நாட்டார் வைத்த பெயர் 'காஷின்'. அதன் முதற்கப்பல் 1962-இல் கடலுக்கு வந்தபோது, நீராவியே இல்லாமல் முழுக்க முழுக்க வாயு டர்பைன்களால் ஓடிய உலகின் முதல் பெரிய போர்க்கப்பலாக விளங்கியது. டர்பைன்கள் எழுப்பிய கீச்சொலி காரணமாகச் சோவியத் மாலுமிகள் அதைப் 'பாடும் கப்பல்' என்று அழைத்தார்களாம்.

காகிதக் காற்றாடியை எதிர்காற்றில் பிடித்தால் சுழல்கிறதல்லவா? வாயு டர்பைனின் தத்துவமும் அதுவே. முன்புறத்தில் உள்ள அமுக்கி காற்றை இழுத்து அழுத்துகிறது. அழுத்திய காற்றில் எண்ணெய் எரிகிறது. சூடான வாயு விரிந்து பாய்ந்து, வரிசை வரிசையாக உள்ள அலகுகளைச் சுழற்றுகிறது. அச்சுழற்சியில் ஒரு பங்கு அமுக்கியை இயக்க, எஞ்சியது கப்பலைத் தள்ளுகிறது. கொதிகலனும் இல்லை, நீருமில்லை. நீராவிக் கப்பல் கொதிகலனைச் சூடேற்றிப் புறப்பட மணிக்கணக்காகும். இது சில நிமிடங்களில் புறப்படும். ராஜ்புத்தில் இத்தகைய டர்பைன்கள் நான்கு. மொத்தம் 72,000 குதிரைத்திறன். குறையும் உண்டு. மெதுவாகச் செல்லும்போதும் எண்ணெயை மிகுதியாகக் குடிக்கும்.

இவ்வளவு எளிய தத்துவமென்றால் எல்லோரும் ஏன் செய்யவில்லை? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். டர்பைன் அலகு ஒன்றின் எடை 100 கிராம் என்றும், அது அச்சிலிருந்து 0.3 மீட்டர் தொலைவில் நிமிடத்துக்கு 6,000 முறை சுற்றுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கோணத் திசைவேகம் விநாடிக்கு 628 ரேடியன். அதன் இருமடியை ஆரத்தால் பெருக்கினால் மையநோக்கு முடுக்கம் வரும். அது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 12,000 மடங்கு! கையில் 100 கிராமாக இருக்கும் அலகின் வேரில், ஓடும்போது 1,200 கிலோகிராம் எடையைக் கட்டித் தொங்கவிட்ட இழுவிசை இருக்கும். அதுவும் இக்கால டர்பைன்களில் ஆயிரம் டிகிரி செல்சியசைத் தாண்டிய வாயுவின் நடுவே, ஆயிரக்கணக்கான மணி நேரம்.

அந்த வெப்பத்தில் சாதாரண எஃகு மெழுகுபோல் மெல்ல நீண்டுவிடும். ஆகவே நிக்கலை அடிப்படையாகக் கொண்ட உலோகக் கலவைகள் வேண்டும். அலகுக்குள் நுண்துளைகள் அமைத்துக் குளிர்காற்றைச் செலுத்த வேண்டும். சில அலகுகளை ஒரே படிகமாக வளர்த்தெடுக்கிறார்கள். கடல் காற்றில் கலந்துவரும் உப்பு வேறு, சூட்டில் உலோகத்தை அரிக்கும்.

வாங்கியதில் கற்றது

சோவியத் வரைபடத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு நம்மவர் திரும்பவில்லை. காஷின் கப்பலில் ஹெலிகாப்டர் இறங்க இடம் மட்டுமே இருந்தது. அதை உள்ளே வைத்துப் பேண வசதியில்லை. நமக்கான கப்பல்களில் பின்புறத்துப் பீரங்கியை நீக்கி, ஹெலிகாப்டருக்குக் கொட்டில் அமைக்கப்பட்டது. எது நமக்கு வேண்டும், எது வேண்டாம் என்று கேட்கத் தெரிவதே கற்றலின் முதற்படியல்லவா?

ஏவுகணை ஆய்வுக்கும் ராஜ்புத்தே களமாயிற்று. இந்தியாவும் ருஷ்யாவும் சேர்ந்து உருவாக்கிய 'பிரம்மோஸ்' ஏவுகணையைக் கப்பலிலிருந்து செலுத்திச் சோதித்தது இதிலிருந்துதான். ஓரிடத்தில் வாங்கிய பொருள், அவ்வாறு நம் பரிசோதனைச் சாலையாக மாறியது.

இந்த அனுபவத்தின் மேல் எழுந்ததே மும்பை மசகான் தளத்தில் கட்டிய 'டில்லி' நாசகாரி. காஷின் அமைப்பிலிருந்து வளர்த்தெடுத்த, அதைவிடப் பெரிய கப்பல். 1987-இல் அடிக்கட்டை இட்டனர். 1997-இல் கடற்படையில் சேர்ந்தது. பத்தாண்டுகள்! தாமதத்துக்கு ஒரு முக்கியக் காரணம், 1991-இல் சோவியத் நாடே இல்லாமற் போனதுதான். அங்கிருந்து வரவேண்டிய கருவிகள் வரத் தாமதமாயின. உடலைக் கட்ட நம் கைகள் பழகிவிட்டன; உள்ளே வைக்கும் உறுப்புகளுக்கு இன்னும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

இதயம் எங்கே இருக்கிறது?

டில்லியை ஓட்டும் வாயு டர்பைன்களைச் செய்தவர் யார்? அதே மிக்கொலாயிவ் நகரின் ஜோர்யா-மாஷ்புரோயெக்ட் தொழிற்சாலை. 2021 நவம்பரில் சேர்ந்த 'விசாகப்பட்டினம்' நாசகாரியின் டர்பைன்களும் அங்கிருந்தே வந்தன. கொச்சியில் கட்டி 2022-இல் சேர்த்த விமானந்தாங்கிக் கப்பல் 'விக்ராந்த்' அமெரிக்க வடிவமைப்பிலான டர்பைன்களால் ஓடுகிறது.

2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. மிக்கொலாயிவ் நகரின்மேல் குண்டுகள் விழுந்தன. என் மாணவர் செய்தியில் படித்த தமால் கப்பலை நினைத்துப் பாருங்கள். அதன் உடல் ருஷ்யாவில் கட்டியது. டர்பைன்கள் உக்ரைனில் செய்தவை. 2014-க்குப் பின் உக்ரைன் ருஷ்யாவுக்கு டர்பைன் தர மறுத்துவிட்டதால், இந்தியாவே அவற்றை வாங்கி ருஷ்யத் தளத்துக்குக் கொடுத்தது. ஒன்றையொன்று குண்டு வீசித் தாக்கும் இரு நாடுகளின் வேலைப்பாடு, மூன்றாம் நாட்டின் கப்பலில் ஒன்றாக ஓடுகிறது!

நாம் முயலவில்லையா? முயன்றோம். பெங்களூரின் வாயு டர்பைன் ஆராய்ச்சி நிலையம் போர் விமானத்துக்காக உருவாக்கிய 'காவேரி' எஞ்சின், எதிர்பார்த்த உந்துவிசையை எட்டவில்லை. ஆயினும் அதிலிருந்து கப்பலுக்கேற்ற ஒரு வடிவத்தை அமைத்து விசாகப்பட்டினத்தில் சோதித்தார்கள். குறிக்கோள், ராஜ்புத் வகைக் கப்பல்களை ஓட்டுவதே. கிடைத்த திறன் சுமார் 12 மெகாவாட். அதாவது ஏறத்தாழ 16,000 குதிரைத்திறன். ராஜ்புத்தின் டர்பைன் ஒன்றின் பங்கு 18,000. இடைவெளி பெரிதில்லை. ஆனால் சோதனை மேடையில் ஓடுவது வேறு. உப்புக் காற்றில் ஆண்டுக்கணக்காக உழைப்பது வேறு. அக்கப்பல்களில் அந்த எஞ்சின் ஏறவில்லை.

அலகைப் பார்த்து அலகு செய்ய முடியுமா?

இங்கேதான் என் மாணவருக்கான விடை இருக்கிறது. கப்பலின் உடலை அளந்து பார்க்கலாம், வரைபடம் எடுக்கலாம், கட்டிப் பழகலாம். டர்பைன் அலகையோ கையில் வைத்துக்கொண்டு ஆயுள் முழுதும் பார்த்தாலும், அதை எந்த உலையில், எவ்வளவு மெதுவாக ஆறவைத்தார்கள் என்பது தெரியாது. பொருள் கண்ணுக்குத் தெரியும், செய்முறை தெரியாது.

எங்கள் பகுதி வாசகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆவாரம்பட்டை கொண்டு பாதி பதனிட்ட தோலை நெடுங்காலம் சென்னைத் துறைமுகம் வழியே சீமைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். முழுமை பெற்ற தோலும் காலணியும் அங்கேதான் உருவாயின. விலையின் பெரும்பங்கும் அங்கேயே நின்றது. 1972-இல் சீதாராமையா குழு பரிந்துரை செய்ய, அதையடுத்து பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. முதலில் வியாபாரிகள் திகைத்தார்கள். பிறகு ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் கடைசிப் படிகளையும் கற்றுக்கொண்டன. சீமைக் காலணி ஒன்றைப் பிரித்துப் பார்த்து அதைக் கற்கவில்லை. அடையாற்றில் 1948 முதல் இயங்கும் தோல் ஆராய்ச்சி நிலையத்திலும், பதனிடும் தொட்டிகளின் அருகிலும், தோலைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றார்கள். அதற்குப் பாலாறு கொடுத்த விலை தனிக் கட்டுரைக்கு உரியது.

ஜப்பானின் 29 நாட் கப்பலை மீண்டும் நினைத்துப் பாருங்கள். வாங்கியதைவிட மெதுவாக ஓடிய அந்தக் கப்பலைக் கண்டு யாரேனும் சிரித்திருக்கலாம். ஆனால் சிரித்தவர்களுக்கு அது எவ்வளவு வேகத்தில் ஓடியது என்பது மட்டுமே தெரிந்திருக்கும். ஏன் அதற்குமேல் ஓடவில்லை என்பது கட்டியவர்களுக்கே தெரிந்திருக்கும். அந்த 'ஏன்' தெரிந்ததுதான் அடுத்த கப்பலின் முதலீடு.

ரஞ்சித் 2019-இல் ஓய்வு பெற்றது. 2021 மே 21-ஆம் நாள், விசாகப்பட்டினத்தில் மாலைச் சூரியன் சாயும் நேரத்தில், ராஜ்புத்தின் கொடியும் இறக்கப்பட்டது. நாற்பத்தோர் ஆண்டு உழைப்பு. அது பிறந்த நாடு வரைபடத்தில் இல்லை; அதைப் பெற்ற துறைமுகம் இன்று தனி நாடாகிய ஜார்ஜியாவில் இருக்கிறது; அதைக் கட்டிய ஊர் போரில் அடிபட்டு நிற்கிறது. கப்பல் மட்டும் தன் ருஷ்யப் பெயருக்கேற்ப நம்பிக்கை காத்தது.

"நமக்குக் கப்பல் கட்டத் தெரியாதா?" என்று கேட்டவருக்கு நான் சொன்னது இதுதான்: "கப்பல் கட்டத் தெரியும் தம்பி. நூறு கிராம் உலோகத்தைச் சரியாக ஆறவைக்கத்தான் இன்னும் முழுதாகக் கற்க வேண்டும்." அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அது கெமிஸ்ட்ரியா சார், பிசிக்ஸா?" என்று கேட்டார்.

இரண்டும்தான். இதைப் படிக்கும் மாணவர்களே, அந்தப் பாடம் உங்களுக்காகவே காத்திருக்கிறது.